மாசச்சூசெட்ஸ் சட்டங்களும் உரிமைகளும் (1648)

மாசச்சூசெட்ஸ் சட்டங்களும் உரிமைகளும் என்பது, வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த மாசச்சூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தின் சட்டங்களைத் தொகுத்து 1648 ஆம் ஆண்டில் அச்சிடப்பட்ட நூலாகும். இன்றைய ஐக்கிய அமெரிக்க நிலப்பரப்பில் அச்சான முதல் சட்டத் தொகுப்பு நூலாக இது கருதப்படுகிறது. 600 படிகள் அச்சிடப்பட்டன. அவற்றுள் இன்று இருப்பதாக அறியப்படுவது ஒரே ஒரு படி. அது கலிபோர்னியா மாநிலத்தின் சான் மரினோ நகரில் உள்ள ஹண்டிங்டன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

அரிய நூல் என்பதற்காக மட்டும் இந்நூல் பேசப்படவில்லை. சட்டத்தை எழுதி வைக்க வேண்டுமா, அல்லது நேர்மையான நடுவர்களின் அறிவுக்கு விட்டுவிடலாமா என்ற கேள்வியில் அக்குடியேற்றம் 1635 முதல் 1648 வரை பிளவுபட்டிருந்தது. அப்பூசலின் முடிவில் எட்டப்பட்ட உடன்பாடே இந்நூலாக அச்சேறியது.

பின்னணி

1629 மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸ், மாசச்சூசெட்ஸ் விரிகுடா நிறுவனத்துக்கு ஒரு பட்டயம் வழங்கினார். அடிப்படையில் அது ஒரு வணிக நிறுவனத்துக்குரிய பட்டயமே. நிறுவனத்தின் உறுப்பினர்கள் கூடி ஆளுநரையும் துணை ஆளுநரையும் உதவியாளர்களையும் தேர்ந்தெடுக்கலாம். தேவையான சட்டங்களை இயற்றலாம். ஆனால் அச்சட்டங்கள் இங்கிலாந்தின் சட்டங்களுக்கு முரணாக இருத்தல் ஆகாது. பின்னாளில் எழுந்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தக் கடைசி நிபந்தனையிலிருந்தே தொடங்கின.

இத்தகைய நிறுவனங்கள் தம் பட்டயத்தை இலண்டனில் வைத்திருப்பதே வழக்கம். பியூரிட்டன் எனப்பட்ட தூய்மைவாதக் கிறித்தவர்களோ 1630 இல் ஆளுநர் ஜான் வின்திராப் தலைமையில் கப்பலேறியபோது பட்டயத்தையும் உடன் எடுத்துச் சென்றனர். இதனால் நிறுவனத்தின் உறுப்பினர் கூட்டமே கடலுக்கு அப்பால் ஓர் அரசாங்கமாக மாறியது. அக்கூட்டத்தின் பெயர் பொது மன்றம். வழக்குகளை விசாரித்ததோடு சட்டம் இயற்றும் அவையாகவும் அது விளங்கியது. 'உதவியாளர்கள்' நடுவர்கள் எனப்பட்டனர். வாக்குரிமை பெற்றவர்கள் உரிமைக் குடிகள் எனப்பட்டனர். 1631 முதல், திருச்சபையில் முறைப்படி சேர்த்துக்கொள்ளப்பட்ட ஆண்கள் மட்டுமே உரிமைக் குடிகளாக முடியும் என்று விதிக்கப்பட்டது.

முதல் சில ஆண்டுகளில் ஆட்சி முழுவதும் நடுவர்களின் கையில் இருந்தது. 1634 இல் உரிமைக் குடிகள் பட்டயத்தைத் தங்களுக்குக் காட்டுமாறு கேட்டனர். படித்துப் பார்த்தபோது, சட்டம் இயற்றும் அதிகாரம் பொது மன்றம் முழுமைக்கும் உரியது என்பது தெரியவந்தது. அன்று முதல் ஒவ்வோர் ஊரும் பிரதிநிதிகளைத் தேர்ந்து அனுப்பத் தொடங்கியது. எழுதப்பட்ட ஓர் ஆவணம் என்ன செய்யும் என்பதை அம்மக்கள் இந்நிகழ்ச்சியில் நேரடியாகக் கண்டனர் எனலாம்.

எழுதா நீதியும் அதன்மீதான அச்சமும்

எழுதப்பட்ட சட்டம் இல்லாத நிலையில், எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்பவற்றை நடுவர்களே விவிலியத்தையும் தம் அறிவையும் கொண்டு முடிவு செய்தனர். 1631 இல் பிலிப் ராட்கிளிப் என்னும் ஊழியர், அரசையும் சேலம் ஊர்த் திருச்சபையையும் பழித்துப் பேசினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். அவருக்குச் சாட்டையடி தரப்பட்டது, காதுகள் வெட்டப்பட்டன, 40 பவுன் தண்டம் விதிக்கப்பட்டது, பின்னர் அவர் நாடு கடத்தப்பட்டார். இக்குற்றத்துக்கு இதுவே தண்டனை என்று கூறும் சட்டம் எதுவும் அப்போது குடியேற்றத்தில் இயற்றப்பட்டிருக்கவில்லை.

1635 மே மாதத்தில் பிரதிநிதிகள் இக்கேள்வியை வெளிப்படையாக எழுப்பினர். நடுவர்கள் தம் விருப்பப்படி தீர்ப்பளிக்கும் நிலை அரசுக்கு ஆபத்தானது. இங்கிலாந்தின் மாக்னா கார்ட்டாவைப் போன்ற அடிப்படைச் சட்டத் தொகுப்பு ஒன்று தேவை என்பது அவர்களின் வாதம். தொகுப்பை வரைய ஒரு குழு அமைக்கப்பட்டது. வின்திராப்பும் அக்குழுவில் ஒருவர். பணி நகரவில்லை.

ஏன் நகரவில்லை என்பதற்கு வின்திராப் தம் நாட்குறிப்பில் 1639 இல் இரண்டு காரணங்களைப் பதிவு செய்துள்ளார். முதலாவது, புதிய நாட்டின் நிலைமையும் மக்களின் இயல்பும் இன்னும் முழுமையாகத் தெரியவில்லை. ஆகவே சட்டங்கள் அவ்வப்போது எழும் தேவையையொட்டி வழக்காறாக வளர்வதே நல்லது. இரண்டாவது காரணம் நுட்பமானது. ஆங்கிலச் சட்டத்துக்கு முரணான ஒன்றை வழக்கமாகச் செய்துகொண்டிருந்தால் அது பட்டயத்தை மீறியதாகாது. அதையே சட்டமாக எழுதி வைத்தால் வெளிப்படையான மீறலாகிவிடும். இதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு திருமணம். இங்கிலாந்தில் குருமார் நடத்திய திருமணத்தை மாசச்சூசெட்சில் நடுவர்கள் நடத்தினர். இது நடைமுறையாக இருக்கும்வரை தொல்லை இல்லை என்பது அவர் கணிப்பு. எழுத்துச் சட்டத்தை எதிர்த்தவர்கள் அனைவரும் அதிகார ஆசையால் மட்டுமே எதிர்த்தனர் என்று கூறுவது இதனால் பொருந்தாது. எழுதப்பட்ட சட்டம் அரசரின் கையில் சான்றாக மாறும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இருந்தது.

முதல் வரைவுகள்

1636 இல் பாஸ்டன் திருச்சபைப் போதகர் ஜான் காட்டன் ஒரு வரைவைப் பொது மன்றத்தின் முன் வைத்தார். மோசேயின் சட்டங்களைப் பெரிதும் தழுவியிருந்த அது ஏற்கப்படவில்லை. எனினும் 1641 இல் இலண்டனில் நியூ இங்கிலாந்துச் சட்டங்களின் சுருக்கம் என்ற தலைப்பில் அது அச்சிடப்பட்டதால், அதுவே மாசச்சூசெட்சில் நடப்பிலுள்ள சட்டம் என்று பலர் நெடுங்காலம் தவறாகக் கருதினர்.

ஏற்கப்பட்டது நத்தானியேல் வார்டு என்பவரின் வரைவு. இப்ஸ்விச் ஊரின் போதகராக இருந்த வார்டு, இங்கிலாந்தில் லிங்கன்ஸ் இன் சட்டக் கழகத்தில் பயின்று வழக்குரைஞராகப் பணியாற்றியவர். ஏறத்தாழ நூறு பிரிவுகளைக் கொண்ட அவ்வரைவு, ஊர்கள்தோறும் படிகள் அனுப்பப்பட்டுத் திருத்தப்பட்டு, 1641 டிசம்பரில் உரிமைகளின் தொகுப்பு என்ற பெயரில் நிறைவேறியது. வெளிப்படையான சட்டம் இன்றி எவருடைய உயிரையும் உடைமையையும் பறிக்கக் கூடாது என்று அது தொடங்குகிறது. கணவன் மனைவியை அடிப்பதையும் கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதையும் அது தடுத்தது. முதற் பிரிவிலேயே ஒரு விலக்கும் இருந்தது: சட்டம் இல்லாத இடத்தில் இறைவனின் சொல்லைக் கொண்டு தீர்ப்பளிக்கலாம். நடுவர்களுக்கு இந்த வாசல் திறந்தே விடப்பட்டது.

உரிமைகளின் தொகுப்பு அச்சிடப்படவில்லை. மூன்று ஆண்டுகளுக்குச் சோதனை முறையில் நடப்பில் இருக்க வேண்டும், பொது மன்றக் கூட்டங்களில் படிக்கப்பட வேண்டும் என்றே முடிவாயிற்று. இதன் கையெழுத்துப் படி ஒன்றைக் கண்டறிந்து பிரான்சிஸ் கேலி கிரே 1843 இல் அச்சில் வெளியிட்டார்.

பன்றி வழக்கும் தண்டனை விவாதமும்

இக்காலத்தில் நடந்த ஒரு சிறிய வழக்கு பூசலைப் பெரிதாக்கியது. காணாமற்போன ஒரு பெண்பன்றி யாருடையது என்பதே வழக்கு. ஒருபுறம் செர்மன் என்னும் ஏழைப் பெண். மறுபுறம் ராபர்ட் கெய்ன் என்னும் செல்வந்த வணிகர். 1642 இல் வழக்கு பொது மன்றத்துக்கு வந்தது. செர்மனுக்கு ஆதரவாக 2 நடுவர்களும் 15 பிரதிநிதிகளும், கெய்னுக்கு ஆதரவாக 7 நடுவர்களும் 8 பிரதிநிதிகளும் நின்றனர். 7 பிரதிநிதிகள் எப்பக்கமும் சேரவில்லை. மொத்த எண்ணிக்கையில் செர்மன் பக்கம் கூடுதல். நடுவர்களில் பெரும்பான்மையோ கெய்ன் பக்கம். நடுவர்கள் தனியாகத் தடை செய்யும் அதிகாரம் உடையவர்களா என்ற வாதம் மூண்டது. இறுதியில் 1644 இல் நடுவர்களும் பிரதிநிதிகளும் தனித்தனி அவைகளாகக் கூடத் தொடங்கினர். மாசச்சூசெட்சின் ஈரவைச் சட்டமன்றத்தின் தொடக்கம் ஒரு பன்றியில் இருக்கிறது என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுவது இதனாற்றான்.

அதே 1644 இல் பிரதிநிதிகள் மற்றொரு கோரிக்கையையும் வற்புறுத்தினர்: ஒவ்வொரு குற்றத்துக்கும் தண்டனை முன்கூட்டியே வரையறுக்கப்பட வேண்டும். இதற்கு எதிராக வின்திராப் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஒரே பெயருடைய குற்றம் செய்பவரையும் சூழ்நிலையையும் பொறுத்து வேறுபடும். இறைவனே மிகச் சில குற்றங்களுக்குத்தான் தண்டனையை வரையறுத்துள்ளார். ஆகவே அளவைத் தீர்மானிக்கும் உரிமையை நீதி வழங்குபவருக்கு விட வேண்டும் என்பது அவர் கருத்து. நீதிபதியின் விருப்புரிமை எவ்வளவு என்ற இந்த விவாதம் இன்றும் பல நாடுகளில் தொடர்கிறது.

1646 ஆம் ஆண்டின் முறையீடு

இதுவரையிலான பூசல் வாக்குரிமை உடையவர்களுக்குள் நடந்தது. 1646 இல் வெளியிலிருந்து ஒரு தாக்குதல் வந்தது. மருத்துவர் ராபர்ட் சைல்டும் வேறு அறுவரும் பொது மன்றத்துக்கு ஒரு முறையீடு அளித்தனர். ஆங்கிலேயர் அறிந்த நிலையான சட்டம் எதுவும் இங்கே இல்லை. திருச்சபை உறுப்பினர் அல்லாத ஆயிரக்கணக்கானோர் வரி செலுத்தியும் வாக்குரிமை இன்றி வாழ்கின்றனர். இவை திருத்தப்படாவிடில் இங்கிலாந்து நாடாளுமன்றத்திடம் முறையிடுவோம் என்பன அதன் சாரம்.

பொது மன்றம் இரண்டு வகையில் விடையளித்தது. முதலில், மாக்னா கார்ட்டாவின் பிரிவுகளையும் ஆங்கிலப் பொதுச் சட்ட நெறிகளையும் ஒரு பக்கத்திலும், மாசச்சூசெட்சின் சட்டங்களை எதிர்ப்பக்கத்திலும் நிரல்படுத்தி, இரண்டும் ஒத்தவையே என்று காட்டும் அறிக்கையை வெளியிட்டது. அடுத்து, முறையிட்டவர்களுக்குத் தண்டம் விதித்தது. சைல்டுக்கு 50 பவுன். இங்கிலாந்துக்குப் புறப்பட இருந்த சைல்டு தடுத்து வைக்கப்பட்டார். அவருடைய தாள்கள் சோதனையிடப்பட்டன. குடியேற்றத்தின் சார்பில் வாதாட எட்வர்டு வின்ஸ்லோ இலண்டனுக்கு அனுப்பப்பட்டார். 1647 இல் நாடாளுமன்றக் குழு இவ்விவகாரத்தில் தலையிட மறுத்துவிட்டது.

முறையீட்டில் கையெழுத்திட்டவர்களுள் டேவிட் யேல் என்பவரும் ஒருவர். அவர் மகன் எலிகு யேல் 1649 இல் பாஸ்டனில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பத்துடன் இங்கிலாந்து திரும்பிய எலிகு, பின்னர் கிழக்கிந்திய நிறுவனத்தில் சேர்ந்து 1687 முதல் 1692 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தார். யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

சட்டங்கள் இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு உறுதியான விடை, சட்டங்களை அச்சிட்டுக் காட்டுவதே. 1645 முதல் மந்தமாக நடந்து வந்த தொகுப்புப் பணி, முறையீட்டுக்குப் பின் வேகம் பெற்றது. 1647 நவம்பரில் பொது மன்றம் இங்கிலாந்திலிருந்து ஆறு சட்ட நூல்களை வகைக்கு இரண்டு படியாக வரவழைக்க ஆணையிட்டது. அவற்றுள் எட்வர்டு கோக்கின் தீர்ப்புத் தொகுதிகளும், மாக்னா கார்ட்டாவுக்கு அவர் எழுதிய உரையும், அமைதி நடுவர்களுக்காக மைக்கேல் டால்டன் எழுதிய கையேடும் அடங்கும்.

நூலின் அமைப்பும் உள்ளடக்கமும்

நூல் கேம்பிரிட்ஜ் ஊரில் அச்சானது. 1638 இல் அங்குக் கொண்டுவரப்பட்ட அச்சுப்பொறியே ஆங்கிலேய வட அமெரிக்காவின் முதல் அச்சுப்பொறியாகும். மேத்யூ டே அச்சிட்டார். பாஸ்டனில் எசக்கியா அஷர் என்பவரின் கடையில் விற்கப்படும் என்று தலைப்புப் பக்கம் அறிவிக்கிறது. அதிகாரத்தை எதிர்ப்பவர் இறைவனின் ஏற்பாட்டை எதிர்க்கிறார் என்ற கருத்துடைய உரோமையர் 13:2 வசனமும் அப்பக்கத்தில் உள்ளது. இரண்டாண்டுகளுக்கு முந்தைய முறையீட்டை நினைவில் கொண்டு படித்தால் இத்தேர்வின் குறிப்பு விளங்கும்.

ஏறத்தாழ 60 பக்கங்கள் கொண்ட நூலில் சட்டங்கள் ஆங்கில அகரவரிசையில் தலைப்பிடப்பட்டுள்ளன. அச்சுக்கு உரிய படியை ஒழுங்கு செய்ததில் பிரதிநிதி ஜோசப் ஹில்சின் பங்கு பெரிது. அகரவரிசை எளிய ஏற்பாடாகத் தோன்றலாம். ஆனால் அக்கால ஆங்கிலச் சட்டம் தீர்ப்புகளிலும் அரசாணைகளிலும் சிதறிக் கிடந்தது. வழக்குரைஞர் துணையின்றி அதைப் பயன்படுத்த இயலாது. மாசச்சூசெட்சில் எழுத்தறிந்த உழவர் ஒருவர் தமக்கு வேண்டிய தலைப்பைத் தாமே புரட்டிப் பார்க்க முடிந்தது. முன்னுரையும் சட்ட வல்லுநரை நோக்கி எழுதப்படவில்லை. குடியேற்றத்தின் மக்களை உடன்பிறந்தாராகவும் அயலாராகவும் விளித்தே எழுதப்பட்டுள்ளது. இது நிறைவான தொகுப்பு அன்று என்பதையும் அம்முன்னுரை ஒப்புக்கொள்கிறது.

மரண தண்டனைக்குரிய குற்றங்கள் 15. அவற்றுள் சிலை வழிபாடு, சூனியம், இறைநிந்தை, கொலை, பிறர்மனை சேர்தல், ஆட்களைக் கடத்துதல், அரசுக்கு எதிரான சதி, 16 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெற்றோரை அடித்தல் ஆகியவை அடங்கும். பெரும்பாலானவற்றுக்கு விவிலிய வசன எண்கள் தரப்பட்டுள்ளன. இன்றைய பார்வையில் இப்பட்டியல் கடுமையானது. எனினும் அதே காலத்து இங்கிலாந்தில் 12 பென்சுக்கு மேற்பட்ட திருட்டுக்குக்கூடத் தூக்குத் தண்டனை இருந்தது. மாசச்சூசெட்சிலோ கன்னமிட்டுத் திருடியவருக்கு முதல் முறை நெற்றியில் சூடு, இரண்டாம் முறை மீண்டும் சூடும் சாட்டையடியும், மூன்றாம் முறையே மரணம். சூனியப் பிரிவு வெறும் எழுத்தாக இருக்கவில்லை: நூல் அச்சான 1648 ஆம் ஆண்டிலேயே, ஜூன் 15 அன்று, மார்கரெட் ஜோன்ஸ் என்னும் பெண் பாஸ்டனில் சூனியக்காரி எனத் தூக்கிலிடப்பட்டார்.

50 குடும்பங்கள் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும், 100 குடும்பங்கள் உள்ள ஊர் இலத்தீன் பயிற்றும் பள்ளி நடத்த வேண்டும் என்ற 1647 ஆம் ஆண்டுச் சட்டமும் இதில் உண்டு. திருச்சபை உறுப்பினர் அல்லாதவர்களும் 24 வயதுக்கு மேல் ஊர் அளவிலான சில தேர்தல்களில் வாக்களிக்கவும் சான்றாயத்தில் அமரவும் இடமளிக்கப்பட்டது. சைல்டு முறையீட்டுக்குக் கிடைத்த சிறிய வெற்றி என்று இதைக் கொள்ளலாம். பொது மன்றத் தேர்தலில் வாக்குரிமை மட்டும் தரப்படவில்லை. குழந்தைத் திருமுழுக்கை மறுப்போர் நாடு கடத்தப்படுவர். கடத்தப்பட்ட இயேசு சபைக் குரு திரும்பி வந்தால் மரண தண்டனை.

உரிமைகளைப் பெயரிலேயே கொண்ட இந்நூல் அடிமை முறையையும் சட்டத்தில் இடம்பெறச் செய்தது. அடிமைத்தனம் கூடாது என்று தொடங்கும் அப்பிரிவு, நியாயமான போரில் பிடிபட்டவர்கள், தம்மைத் தாமே விற்றுக்கொள்ளும் அல்லது பிறரால் விற்கப்படும் அயலார் ஆகியோரை விலக்குகிறது. பழங்குடியினரும் ஆப்பிரிக்கரும் இவ்விலக்குக்குள் அடங்கிவிட்டனர். 1641 ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்து வந்த இப்பிரிவைக் குறைத்துக் கூறும் போக்கு பழைய அமெரிக்க நூல்களில் உண்டு, அது ஏற்கத்தக்கதன்று.

பின்விளைவுகள்

கனெடிகட் குடியேற்றம் 1650 இல் ஏற்ற சட்டத் தொகுப்பும், நியூ ஹேவன் 1656 இல் இலண்டனில் அச்சிட்ட தொகுப்பும் இந்நூலிலிருந்து பல பிரிவுகளை எடுத்தாண்டன. நியூயார்க்கில் 1665 இல் நடப்புக்கு வந்த யார்க் கோமகன் சட்டங்களிலும் இதன் தாக்கம் உண்டு. மாசச்சூசெட்சிலேயே 1660 லும் 1672 லும் திருத்திய பதிப்புகள் வெளிவந்தன.

எழுத்துச் சட்டத்தை 13 ஆண்டுகள் தாமதப்படுத்திய வின்திராப், அந்நூல் வெளியானபோது ஆளுநர் பதவியில் இருந்தார். 1649 மார்ச்சில் காலமானார். நடைமுறையாக மட்டும் இருக்கட்டும் என்று அவர் கூறிய திருமண முறை, நடுவரே நடத்த வேண்டும் என்ற எழுத்துச் சட்டமாக இத்தொகுப்பு மரபில் இடம்பெற்றது. அவருடைய அச்சமும் பொய்க்கவில்லை. 1660 இல் முடியாட்சி மீண்ட பின், இரண்டாம் சார்லஸ் அனுப்பிய ஆணையர்கள் 1665 இல் குடியேற்றத்தின் சட்டநூலைப் படித்து, பல பிரிவுகளைத் திருத்தக் கோரினர். 1677 இல் இலண்டனில் அரசின் சட்ட அலுவலர்கள் அச்சிட்ட சட்டங்களை ஆராய்ந்து, ஆங்கிலச் சட்டத்துக்கு முரணானவற்றைச் சுட்டினர். 1684 இல் பட்டயம் நீக்கப்பட்டது. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் எதிர்த்தரப்புக்குத் தேவையான சான்று அச்சு வடிவில் அணியமாக இருந்தது.

படியும் மறுபதிப்புகளும்

புதிய பதிப்பு வந்ததும் பழைய சட்டநூலுக்குப் பயன் இல்லாமற் போகிறது. வழிபாட்டு நூலைப் போல அதை யாரும் பேழையில் வைத்துக் காப்பதில்லை. அதே அச்சுப்பொறியில் 1640 இல் அச்சான விரிகுடாச் சங்கீத நூலின் 11 படிகள் எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று 2013 இல் 1.4 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. எட்டாண்டு பிந்திய சட்டநூலோ ஏறக்குறைய முற்றிலும் மறைந்தது. 1889 இல் வில்லியம் விட்மோர் மாசச்சூசெட்சின் பழைய சட்டங்களை மறுபதிப்புச் செய்தபோது, 1648 பதிப்பின் படி எதுவும் கிடைக்காமையால் 1660 பதிப்பையே பயன்படுத்தினார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு படி இங்கிலாந்தில் வெளிப்பட்டது. நியூயார்க்கைச் சேர்ந்த நூல் சேகரிப்பாளர் இ. டுவைட் சர்ச் அதைப் பெற்றார். அவருடைய நூலகம் முழுவதையும் ஹென்றி ஹண்டிங்டன் 1911 இல் வாங்கியபோது இப்படியும் அவரிடம் சேர்ந்தது. 1929 இல் மாக்ஸ் பாரண்டின் முன்னுரையுடன் ஹார்வர்டு பல்கலைக்கழக அச்சகம் இதன் உருவப்படிப் பதிப்பை வெளியிட்டது. 1975 இல் தாமஸ் பார்ன்சின் முன்னுரையுடன் ஹண்டிங்டன் நூலகமே மற்றோர் உருவப்படிப் பதிப்பை வெளியிட்டது.